க்கும்

ஜூன் 3, திங்கள்

ஒன்பதாம் நம்பர் டவுன் பஸ்ஸைக் கொடுத்துவிட்டார்கள். ஸ்டோரில் உட்கார்ந்து டயர் நம்பர் எழுதியது போதும் என்று பிராஞ்ச் மேனேஜரிடம் சண்டை போட்டதற்குக் கிடைத்த பலன். "பொம்பளப் பிள்ள ரூட்டுல போயி என்னம்மா பண்ணுவ?" என்றார். "டிக்கெட் போடுவேன் சார்" என்றேன். வேறு என்ன சொல்வது.

அப்பா இதே டெப்போவில் மெக்கானிக்காக இருந்து செத்தார். அதற்காகத்தான் எனக்கு வேலை. பி.ஏ. தமிழ் படித்ததற்காக இல்லை. இதைத் தினமும் யாராவது ஒருவர் ஞாபகப்படுத்துகிறார்.

டிரைவர் நல்லுச்சாமி அண்ணன். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். மீசைக்குக் கறுப்பு அடித்திருக்கிறார், தலைக்கு அடிக்கவில்லை. முதல் பாடம் நடத்தினார்: "ஒரு விசில்னா நிக்கும். ரெண்டு விசில்னா போகும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்." டீ வாங்கிக் கொடுத்தார். அவருக்குச் சர்க்கரை தூக்கலாக. டீ மாஸ்டர் கேட்கக்கூட இல்லை, கை தானாக டப்பாவுக்குப் போனது.

காலையில் ஆளில்லாமல் சவேரியார்புரம் போய்த் திரும்புகிறோம். திரும்பும்போது முதலில் வருவது ஆவாரங்காட்டுக் காலனி. அதற்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி வெள்ளோடைப்பட்டி. அப்புறம் டவுன்.

காலனியில் வண்டி நிற்கவில்லை. ரோட்டோரமாகப் பெண்கள் தூக்குவாளியோடு வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். "எங்கண்ணே போறாங்க?" என்று கேட்டேன்.

"நம்ம பஸ்ஸைப் பிடிக்கத்தான்."

அவர்களை முந்திக்கொண்டு போனோம்.

வெள்ளோடைப்பட்டியில் வண்டி ஐந்து நிமிஷம் நிற்கும். ஊர்க்காரர்கள் ஏறி உட்காருவார்கள். காலனிக்காரர்கள் வேர்த்து வந்து சேர்ந்து, ஏறி, டவுன் வரை நிற்பார்கள்.

கொய்யாக் கூடையோடு ஏறிய நாச்சம்மாள் என்கிற அம்மா எனக்கு ஒரு பழம் கொடுத்தார். "நீ எந்த ஊரு கண்ணு? எந்தத் தெரு?" தெருவைக் கேட்பது எதற்கு என்று எனக்குத் தெரியும். "டெப்போ பக்கம்" என்றேன். பழம் நல்ல பழம்.

ஜூன் 4, செவ்வாய்

அண்ணனிடம் காரணம் கேட்டேன். "காலனியில நின்னா அவுக ஏறி உக்காந்துருவாக. அடுத்து ஊருக்காரவுக ஏறும்போது சீட்டு இருக்காது. ஊருக்காரன் நிக்க, காலனிக்காரன் உக்காந்து போறதான்னு ஒரு காலத்துல பெரிய சண்டை. அதுக்கப்புறம் எந்த டிரைவரும் நிறுத்தறதில்ல."

"நீங்க?"

"நானும் டிரைவர்தானம்மா."

ஒரு கிலோமீட்டர் நடப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஒன்றும் இல்லை. நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனேன். அந்த ரோட்டிலும் பஸ் ஓடியது. கடந்து போகும்போது நல்ல காற்றடிக்கும்.

ஜூன் 6, வியாழன்

இன்றும் முந்தினோம்.

ஜூன் 8, சனி

மதிய டிரிப்பில் ஒரு வெள்ளை அங்கி ஏறியது. கிறிஸ்தவக் குருமடத்தில் சாமியாராகப் படிக்கிற பையன், என் வயதுதான் இருக்கும். சனிக்கிழமைகளில் சவேரியார்புரம் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்தப் போகிறாராம். பெயர் இஞ்ஞாசி. எல்லாரும் பிரதர் என்கிறார்கள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "ஓம்னெஸ்... ஓம்னியும்... ஓம்னிபுஸ்..."

"என்ன பிரதர், டவுன் பஸ்ல உக்காந்துக்கிட்டு ஆம்னி பஸ் கேக்குறீங்க?"

முழித்தார். பிறகு சத்தம் போட்டுச் சிரித்தார். "லத்தீன்ங்க. திங்கக்கிழமை டெஸ்ட். போன தடவை ஃபெயிலு." சிரிப்பு அடங்கியதும் புத்தகத்தை ஒரு முறை பார்த்தார், பஸ்ஸை ஒரு முறை பார்த்தார். "ஏங்க, நீங்க சொன்னது தப்பில்ல. பஸ்ஸே இதுலருந்துதான் வந்துச்சு."

பிரான்ஸ் நாட்டில் யாரோ ஒருத்தர் பெட்டி மாதிரி பெரிய குதிரை வண்டி விட்டாராம். பணக்காரன், ஏழை என்று பார்க்காமல் யார் வேண்டுமானாலும் ஏறலாம். அதற்கு 'ஓம்னிபுஸ்' என்று பெயர். லத்தீனில் எல்லாருக்கும் என்று அர்த்தம். இங்கிலீஷ்காரர்கள் சொல்லச் சோம்பல்பட்டு முன்பாதியை வெட்டிவிட்டு 'பஸ்' என்று வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

"அப்ப பஸ்னா எல்லாரும்னு அர்த்தமா?"

"இல்லீங்க. 'ஓம்னி'தான் எல்லாரும். 'புஸ்' வெறும் விகுதி. அதுக்கு என்ன சொல்வாங்க... டேட்டிவ் கேஸு. இதுலதான் நான் ஃபெயிலானேன்."

அர்த்தத்தைச் சொல்லச் சொன்னேன். "ஒருத்தருக்கு, ஒண்ணுக்கு, அந்த மாதிரி" என்றார்.

நான்காம் வேற்றுமை! மூன்று வருஷம் இலக்கணம் படித்ததற்கு முதல் முறையாக ஒரு உபயோகம். உருபு 'கு'. எல்லாருக்கும் என்பதில் 'எல்லாரு' போய்விட்டால் மிச்சம் என்ன? க்கும். உலகம் முழுக்க எல்லாரும் ஏறி இறங்குகிற வண்டியின் பெயர் 'க்கும்'.

நான் அதைச் சொன்னதும் பிரதருக்குப் புரையேறியது. "ஒன்பதாம் நம்பர் க்கும் எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்.

இதில் இன்னொன்று இருக்கிறது. ஏ.சி. போட்டு, படுக்கை போட்டு, தீபாவளிக்கு டிக்கெட் விலையை ஏற்றி விற்கிறானே தனியார்க்காரன், அந்த வண்டிக்குத்தான் நாம் ஆம்னி பஸ் என்று பெயர் வைத்திருக்கிறோம். 'எல்லாரும்' அவனிடம் போய்விட்டது. அரசாங்க வண்டிக்கு 'க்கும்' மட்டும்தான்.

ஜூன் 10, திங்கள்

காலனி வந்தபோது ஒரு விசில் அடித்தேன்.

நிற்கவில்லை.

வெள்ளோடைப்பட்டியில் முன்னால் போய்க் கேட்டேன். "விசில் கேக்கல பாப்பா" என்றார். இத்தனைக்கும் வண்டியில் நான், அவர், சவேரியார்புரத்துப் பால்காரர், அவ்வளவுதான். பால்காரர் காதைப் பொத்தியிருந்தார்.

காலனி வரிசையில் எப்போதும் முதலில் நடந்து வருகிறவர் குருவம்மா அக்கா. டவுன் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. ஏறியதும் மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். "விசிலு சத்தம் எங்க காது வரைக்கும் வந்துச்சு. முன்னால உக்காந்திருக்கவருக்கு வரலையோ?"

"நாளைக்கு நிக்கும்க்கா."

"க்கும்."

தொண்டையிலிருந்து மூக்கு வழியாக வருகிற அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. தாடை ஒரு பக்கம் இழுபடும். எத்தனையோ பேர் கொடுத்த வாக்கைக் கேட்டு, எதுவும் நடக்காமல் பழகிய சத்தம்.

"அக்கா, பஸ்னா எல்லாருக்கும்னு அர்த்தமாம். லத்தீன்ல" என்றேன்.

"க்கும்" என்றார் மறுபடி.

பஸ் என்ற வார்த்தைக்கு அவ்வளவு சரியாக யாரும் பொருள் சொல்லியிருக்க முடியாது.

ஜூன் 11, செவ்வாய்

அடித்தேன். நிற்கவில்லை. "விசில மாத்து, உள்ள எச்சி போயிருச்சு போல" என்றார். புது விசில் வாங்கினேன்.

டீக்கடையில் அவரே பேச்சை ஆரம்பித்தார். "இந்த வண்டி பிரேக்கை உங்கப்பன்தான் கடைசியா மாத்துனான். சொன்ன எடத்துல நிக்கும். நாந்தான் சொல்றதில்ல." கிளாஸின் அடியில் தங்கிய சர்க்கரையை விரலால் வழித்து நக்கிவிட்டு எழுந்து போனார்.

ஜூன் 12, புதன்

நின்றது!

விசில் அடித்தேன், வண்டி குலுங்கி நின்றது. அண்ணன் கதவைத் திறந்து இறங்கினார். "சுகரும்மா. அடக்க முடியல" என்று சொல்லிவிட்டு வேலிக்கருவேல மரத்தின் பின்னால் போனார்.

சந்தர்ப்பத்தை விடுவேனா? நடந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்து, "ஏறுங்கக்கா, ஏறுங்க" என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை.

குருவம்மா அக்கா டயரைக் குனிந்து பார்த்தார். "என்ன, பஞ்சரா?"

"இல்லக்கா, நிக்குது."

"எதுக்கு நிக்குது?"

"ஏறத்தான்!"

"எங்க போகுது இது?"

"எங்கக்கா போகும்? டவுனுக்குத்தான்!"

அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இது என்ன வம்போ என்று பாதிப் பேர் நடக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். குருவம்மா அக்காவும் மூன்று பெண்களும் ஏறினார்கள். ஏறியும் நின்றார்கள். வண்டி முழுக்கக் காலியாக இருந்தது. "உக்காருங்கக்கா" என்று நான் கெஞ்ச வேண்டியிருந்தது. கெஞ்சினேன் என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது, அவர்கள் மேல் இல்லை.

அண்ணன் திரும்பி வந்தார். கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ரெண்டு விசில்.

ஜூன் 14, வெள்ளி

மூன்று நாளாக அண்ணனுக்கு அதே இடத்தில், அதே நேரத்தில் அடக்க முடிவதில்லை. நேற்று கருவேல மரம் வரைக்கும் போய் வேலியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். இன்று இறங்கவே இல்லை. காலனிக்காரர்கள் எல்லாரும் மரத்தடியில் தயாராக நின்றார்கள். "சுகருக்கு நேரம் காலம் தெரிஞ்சிருக்கே" என்றார் குருவம்மா அக்கா. பின் சீட்டில் ஒரே சிரிப்பு.

மதியம் அண்ணன் இரண்டு கடலைமிட்டாய் வாங்கிச் சாப்பிட்டார். சுகர்காரர் இதையெல்லாம் சாப்பிடலாமா என்று கேட்டேன். "மாத்திர போட்டிருக்கேன்" என்றார். அப்படியும் இருக்கும்.

ஜூன் 15, சனி

பிரதர் மறுபடி ஃபெயில். ஆனால் நான்காம் வேற்றுமையில் முழு மார்க்காம். "பரீட்சையில எல்லா கேள்விக்கும் க்கும், க்கும்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். பக்கத்துல இருந்தவரு தண்ணி குடிங்கன்னாரு."

காலனி என்பதும் லத்தீன்தான் என்றார். நிலத்தை உழுகிறவன் குடியேறின இடம் என்று அர்த்தமாம். ஆவாரங்காட்டில் ஒருவருக்கும் கையளவு நிலம் கிடையாது. இருக்கிற நிலமெல்லாம் ஊரில் இருக்கிறது. இந்தப் பெயரை வைத்தவனுக்கு லத்தீனும் தெரியவில்லை, வெட்கமும் தெரியவில்லை.

அவர் இறங்கும்போது படியில் அங்கி மாட்டிக் கிழிந்தது. என் பையில் ஊசி நூல் இருந்தது, கொடுத்தேன். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

வெள்ளோடைப்பட்டியில் இப்போது புது வேடிக்கை. ஊர்ப் பெண்கள் ஏறுகிறார்கள். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் காலனிப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் இடம் காலி. யாரும் உட்காருவதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு டவுன் வரை நிற்கிறார்கள். இடம் இருக்கிறது, கால் வலிக்கிறது, நிற்கிறார்கள். இந்தப் பிடிவாதத்தை வேறு எதற்காவது காட்டியிருந்தால் அந்த ஊருக்குக் குடிதண்ணீர் வந்திருக்கும்.

நாச்சம்மாள் கூடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வளைவில் சாய்ந்து, குருவம்மா அக்கா மேலேயே விழப் பார்த்தார். அக்கா நகர்ந்து இடம் விட்டார். "உக்காருங்க. ஒட்டிக்கிட்டு வந்துராது."

"பரவால்ல, இருக்கட்டும்."

"க்கும். காலு என்னோடதா, உங்களோடதா?"

நாச்சம்மாள் உட்காரவில்லை. எனக்குப் பழம் மட்டும் கொடுத்தார்.

ஜூன் 20, வியாழன்

பிரசிடெண்ட் வீட்டுக்காரர் சிதம்பரநாதன் இன்று முதல் தடவையாக என்னோடு பேசினார். பஞ்சாயத்துத் தலைவர் அவர் மனைவி. கையெழுத்துப் போடுவது மட்டும்தான் அந்த அம்மாவின் வேலை. பேசுவது, அதட்டுவது, முன் சீட்டில் உட்காருவது எல்லாம் இவர்.

"ஊருக்குன்னு விட்ட வண்டிம்மா இது."

"எல்லா ஊருக்கும்தான் சார்."

"ஓசியில போறதுகளுக்கு ஒரு ஸ்டாப்பிங் வேறயா?"

அரசு பெண்களுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. அவர் மனைவி டவுனுக்கு வந்தால் அவருக்கும் இதே கட்டணமில்லாத டிக்கெட்டைத்தான் கிழித்துக் கொடுக்கிறேன். அதைச் சொன்னேன். வண்டியில் பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். பாதிப் பேர் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள்.

அவர் டிரைவர் பக்கம் திரும்பினார். "என்ன நல்லுச்சாமி?"

"சுகருங்க" என்றார் அண்ணன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜூன் 21, வெள்ளி

நாச்சம்மாள் மறுபடி கேட்டார். "உன் பேச்செல்லாம் கேட்டா அவுகளுக்கு வேண்டிய பிள்ள மாதிரி இருக்கே. நெசமாச் சொல்லு கண்ணு, உனக்கு எந்த ஊரு?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன். "அங்க காலனியில வீடு" என்றேன். டிக்கெட் மெஷினில் பேட்டரி குறைந்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நிமிர்ந்து பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

"ஓ" என்றார்.

பழம் தரவில்லை. அதற்கென்ன. தினமும் கொய்யா தின்றால் பல்லில் விதை மாட்டுகிறது.

திரும்பும் டிரிப்பில் அண்ணன் ஒரு பை நிறையக் கொய்யா வாங்கி வந்து பானெட் மேல் வைத்தார். "உப்பு மொளகா போடச் சொல்லியிருக்கேன், சாப்பிடு" என்றார். அவருக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. டிரைவர் கண்ணாடியில் வண்டி முழுக்கத் தெரியும்.

ஜூன் 24, திங்கள்

வெள்ளோடைப்பட்டியில் வண்டியை மறித்தார்கள். பெரிய கூட்டம் இல்லை. சிதம்பரநாதன், கூட நாலைந்து வேட்டிகள். நடு ரோட்டில் பைக்கை நிறுத்தினார்கள். "காலனியில ஏறுனவுக எறங்கட்டும். ஊருல ஆள் ஏறின பிறகு ஏறட்டும்."

யாரும் இறங்கவில்லை. முதல் நாள், உட்காரச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்த அதே பெண்கள். குருவம்மா அக்கா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "எறக்கிப் பாக்கச் சொல்லு."

நான் படியில் நின்றேன். வாயில் விசில் இருந்தது, அது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் என்னென்னவோ பேசியிருப்பேன்.

அரை மணி நேரம். எல்லாருக்கும் வேலைக்கு நேரமானது, ஊர்க்காரர்களுக்கும்தான். கடைசியில் பைக்கை எடுக்க வைத்தது நானும் இல்லை, அண்ணனும் இல்லை. நாச்சம்மாள்தான் கத்தினார்: "ஏப்பா சிதம்பரம், எம் பழமெல்லாம் வெந்து போகும், வண்டிய எடு!" ஏறி, சுற்றிப் பார்த்தார். காலியாக இருந்தது ஒரே இடம். குருவம்மா அக்காவின் பக்கத்தில். கூடையை மடியில் வைத்துக்கொண்டு, சீட்டின் விளிம்பில், விழுந்துவிடுகிற மாதிரி உட்கார்ந்தார்.

உட்கார்ந்தார். அதைத்தான் எழுத வந்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

பிராஞ்ச் மேனேஜர் கூப்பிட்டார். புகார் வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் அவர் மேஜைக்கு முன்னால் நின்றோம்.

"சுகர்னு சொல்லிக்கிட்டுத் திரியறீராமே நல்லுச்சாமி. நாளைக்கு டெஸ்ட் ரிப்போர்ட்டக் கொண்டாரும். அத வச்சு நான் ஏதாவது சமாளிச்சுக்கறேன்." கெட்டவர் இல்லை அவர். எல்லாவற்றையும் சமாளித்துவிட வேண்டும் என்று மட்டும் நினைக்கிறவர். ஒரு விதத்தில் அது கெட்டதைவிட மோசம்.

அண்ணன் வெகு நேரம் மீசையைத் தடவினார். "எனக்குச் சுகர் இல்லீங்க சார்."

"பின்ன?"

"வண்டி காலியாப் போகுது. ஆளு நடந்து போகுது. இத்தன வருஷமாப் பாக்காத மாதிரி ஓட்டிட்டேன். இந்தப் பிள்ள வந்து காதுக்குள்ள விசில ஊதுது. கேக்காத மாதிரி எத்தன நாளைக்கு ஓட்டுறது?"

சுகர் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? அவரோடு டீ குடிக்கிறவள் நான்தானே.

மேனேஜர் பேனாவை மூடினார். "அங்க ஸ்டாப்பிங் போர்டு இருக்கா? இல்லேல்ல? போர்டு இல்லாத எடத்துல வண்டி நிக்கக் கூடாது. ரூல் அவ்வளவுதான். இன்னொரு தரம் நின்னா உமக்கு மெமோ. ரெண்டு வருஷத்துல பென்ஷன் வாங்கப் போறவரு, யோசிச்சுக்கும். நீ மறுபடி ஸ்டோருக்குப் போயிருவம்மா."

வெளியே வந்ததும் அண்ணன் டீ வாங்கினார். சர்க்கரை போடவில்லை. "மனசு சரியில்ல, இனிப்பு எறங்காது" என்றார்.

ஜூன் 26, புதன்

காலனியில் நிற்கவில்லை. நான் விசில் அடிக்கவில்லை.

ஜூன் 27, வியாழன்

அவர்கள் மரத்தடியில் நின்று பார்த்தார்கள். பிறகு நடந்தார்கள். முந்தினோம். ஊரில் ஏறும்போது குருவம்மா அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. 'க்கும்' கூட இல்லை. அது இல்லாதது தாங்க முடியவில்லை.

நானே போய்ச் சொன்னேன். போர்டு இல்லாத இடத்தில் நிற்கக் கூடாதாம், நின்றால் எனக்கு மறுபடி டயர்தான், அண்ணனுக்கு பென்ஷனில் கை வைப்பார்கள் என்று.

"போர்டு இல்லன்னா நிக்கக் கூடாதுன்னு சொன்னாரா?"

"ஆமாக்கா."

"போர்டு இருந்தா?"

அதை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பி.ஏ. படித்தவள்.

ஜூன் 29, சனி

பிரதரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஜெபிக்கிறேன் என்றார். ஜெபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டுவிட்டேன். முகம் சின்னதாகிவிட்டது. பிறகு, "லத்தீன்ல 'உம்' இல்லீங்க. 'எல்லாருக்கு' அவ்வளவுதான். உங்க தமிழ்லதான் 'உம்' சேருது" என்றார். அது முற்றும்மை என்றேன். ஒருத்தர் விடுபட்டாலும் அந்த 'உம்' பொய்யாகிவிடும்.

"அப்ப லத்தீனவிட தமிழ் கண்டிப்பு" என்றார். அங்கியில் கிழிந்த இடத்தை அவரே தைத்திருந்தார். கோணலாக.

ஜூலை 1, திங்கள்

சவேரியார்புரத்தில் வண்டியைத் திருப்பினோம். காலனி வளைவில் மரம் தெரிந்தது. மரத்தடியில் எல்லாரும் நின்றார்கள். மரத்தில் ஏதோ மஞ்சளாக.

பக்கத்தில் போகப் போகத்தான் எழுத்து தெரிந்தது. பழைய எண்ணெய் டின்னை வெட்டி விரித்த தகரம். மஞ்சள் அடித்து, கறுப்பில் பெரிய பெரிய எழுத்தாக:

பஸ் நிக்கும்

விசிலை வாயில் வைத்தேன். ஊதினால் என் வேலை. நின்றால் அவர் பென்ஷன். இது அவருக்கும் தெரியும். கண்ணாடியில் அவர் கண் தெரிந்தது, என்னைப் பார்க்காமல் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு விசில்.

வண்டி நின்றது. மரத்துக்கு நேராக, போர்டுக்கு ஒரு அடி முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அப்பா மாற்றிய பிரேக்.

"போர்டு இருந்தா நிறுத்தணும். மேனேஜரு சொன்னாருல்ல?" என்றார் அண்ணன், பொதுவாக, காற்றைப் பார்த்து.

"அப்படி அவர் சொல்லலண்ணே."

"எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு. நமக்குத்தான் காது கொஞ்சம் மந்தமாச்சே."

குருவம்மா அக்கா முதலில் ஏறினார். பின்னால் அவர் தம்பி மாணிக்கராஜ், சுவர் விளம்பரம் எழுதுகிறவர், விரலெல்லாம் மஞ்சள். நான் என் புத்தியைக் காட்டினேன். "நல்லா இருக்குண்ணே. ஆனா 'நிற்கும்'னு வரணும். றகர ஒற்று."

"எனக்குத் தெரியாதாம்மா? நான் 'பேருந்து நிறுத்தம்'னே எழுதறேன்னேன். இவதான் விடல. 'பஸ்ஸு நிக்கும்னு எழுது, நான் சொன்ன மாதிரியே எழுது'ன்னா."

"மாத்திரலாம்க்கா, ஒரு எழுத்துதான்" என்றேன்.

"க்கும்" என்றார் அக்கா. எத்தனை நாள் கழித்து! "நிக்க வேண்டியது பஸ்ஸா, எழுத்தா?"

ரெண்டு விசில்.

வெள்ளோடைப்பட்டியில் சிதம்பரநாதன் ஏறினார். முன் சீட்டில் மாணிக்கராஜ் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் இடம் காலி. சிதம்பரநாதன் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு டவுன் வரைக்கும் நின்றே வந்தார். போனில் யார் யாரிடமோ பேசினார். இன்று மாலையோ நாளையோ எங்களுக்கு ஏதாவது வரும். தகரத்தைப் பிடுங்கி எறியவும் ஆள் இருக்கிறது. மாணிக்கராஜிடம் இன்னும் மூன்று எண்ணெய் டின் இருக்கிறதாம்.

நாச்சம்மாள் இன்று குருவம்மா அக்கா பக்கத்தில் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்குப் பழம் தரவில்லை. இனி தரமாட்டார் என்று நினைக்கிறேன்.

டீக்கடையில் அண்ணன் டம்ளரை நீட்டியபோது மாஸ்டர் கேட்டார், "சுகருன்னு ஊரெல்லாம் பேச்சு, சர்க்கரை போடவா வேண்டாமா?"

"ரெண்டு கரண்டி" என்றார் அண்ணன்.

திரும்பும் டிரிப்பில் காலனியில் எல்லாரையும் இறக்கிவிட்டு, போர்டை நின்று பார்த்தேன். பையில் கறுப்பு மார்க்கர் இருந்தது. றகரம் போட அரை நிமிஷம் ஆகாது. விட்டுவிட்டேன். வார்த்தையின் வால், அந்த 'க்கும்', சரியாகத்தான் இருக்கிறது.